பலகையில் பெயர் இல்லாதவர்கள்
'1964-க்குப் பிறகு பர்மாத் தமிழரிடையே பொதுத்தொண்டுக்குத் தலைமை தாங்க ஆளில்லாமல் போயிற்று' என்று பர்மாத் தமிழரைப் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன்; அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கடைகள் அரசுடைமையாகி, அந்த மே மாதம் 50, 100 சாட் (பர்மா நாணயம்) நோட்டுகளும் செல்லாது என்றானதும் வசதியுள்ளவர்கள் கப்பலேறியது உண்மைதான். ஆனால் விவசாயிகளும் கூலிக்காரர்களும் இங்கே பர்மாவிலேயே இருந்தார்களே! மறு வருஷம் தனியார் பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொள்ள, தமிழ்ப் பாடம் கோயில் மண்டபத்துக்கு வந்தது. யாங்கோனை அடுத்த தன்லின் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்பாதான் வாத்தியார். வயலிலிருந்து வந்து, கால் கழுவி, அரிக்கேன் விளக்குக் கண்ணாடியைக் கைலி நுனியால் துடைத்து ஏற்றுவார். இருந்தது ஒரே பாடப்புத்தகம்; அதைப் பார்த்து அவர் பலகையில் எழுத, நாங்கள் சிலேட்டில் எழுதுவோம். இப்படி நாற்பது வருஷம், சம்பளமோ பதவியோ கிடையாது. 2008-ல் நர்கிஸ் புயல் அடித்த மறுநாள் எங்கள் வீட்டுக்கே கூரை இல்லை. அப்பா நேரே கோயிலுக்குப் போய் அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டார். விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. புத்தகம் வைக்கத் தன் கையால் செய்த அலமாரியை உடைத்து எரித்துத்தான் கஞ்சி காய்ச்சினார். தமிழர், பர்மியர், கரேனியர் எல்லோரும் ஒரே வரிசை. ஊற்றிக் கொடுத்தவர்கள் அந்த விளக்கில் படித்த பையன்கள். இவர் தலைவர் இல்லையென்றால் வேறு யார்? 'இளையவர்கள் வருவதில்லை' என்று அந்தக் கட்டுரைக்கான பின்னூட்டத்தில் வருத்தப்பட்டிருக்கும் அன்பருக்கும் ஒரு செய்தி: இன்று அதே மண்டபத்தில் ஞாயிறு காலை என் தங்கை மகள் பாடம் எடுக்கிறாள், போன வாரம் 14 பிள்ளைகள்.