பேரீச்சம்பழத்துக்குப் போகாத வண்டி

ஞாயிற்றுக்கிழமை பழைய கார் கண்காட்சியில் என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு நடந்த மரியாதையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் புண்ணியவான்கள்.

ஹெரால்டில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட்டோடு மூக்கே மொத்தமாக முன்பக்கம் கவிழும். சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். நண்பர் ஒருவர் குனிந்து, முன்சக்கரம் திரும்புகிற கீழ் மூட்டான டிரன்னியனைப் படமெடுத்து, "லேத் பட்டறை ஸ்பெஷல், பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்" என்று இந்தப் பக்கத்தில் போட்டுவிட்டார். முந்நூறு பேர் சிரித்திருக்கிறீர்கள். அதில் நாலு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

சரி, சிரியுங்கள். ஆனால் வண்டி ஓடுகிறது.

அந்த டிரன்னியனை ஏன் லேத்தில் கடைய வேண்டி வந்தது என்று யாராவது கேட்டீர்களா? 2009-ல் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் சர்வீஸுக்கு விட்டேன். ஏசி ரூம், காபி மெஷின் எல்லாம் உண்டு. டிரன்னியனுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். அவர்கள் கிரீஸ் அடித்தார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும், உள்ளே காய்ந்து துருப்பிடிக்கும். திண்டிவனத்தில் பெட்ரோல் பங்குக்குள் திரும்பும்போது இடது சக்கரம் அப்படியே மடிந்து படுத்துவிட்டது. பக்கத்தில் அப்பா. "இறங்கலாமாடா?" என்று மட்டும் கேட்டார். உடைந்தது அத்தனையும் அக்மார்க் ஒரிஜினல் பார்ட், ஐயா!

புதுப்பேட்டையில் ஒரு பழைய ஹெரால்டிலிருந்து டிரன்னியனுக்குள் திருகி நிற்கும் வெர்டிகல் லிங்க் ரெண்டு கிடைத்தது. டிரன்னியன் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு லேத் பட்டறை அண்ணன்தான் கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் கடைந்து கொடுத்தார். ஒரு பக்கச் சக்கரத்துக்கு வலமரை, மறு பக்கத்துக்கு இடமரை. ரெண்டு முறை கடைந்து, திருப்தியில்லாமல் தூக்கிப் போட்டு, மூன்றாம் முறை லிங்கைத் திருகிப் பார்த்தார். விரலால் சுற்றினாலே வழுக்கிக்கொண்டு இறங்கியது. மாறிவிடக் கூடாது என்று பஞ்ச் உளியால் ஒன்றில் 'வ', இன்னொன்றில் 'இ' என்று புள்ளி புள்ளியாக அடித்தார். நண்பர் பெரிதாக்கிப் போட்ட படத்தில் இருக்கிறதே, அந்த 'வ' லேத் அண்ணன் கை.

இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமே என்பார்கள். இன்றைக்கு வரவழைக்கலாம், சுங்கமும் கட்டி. அப்புறம் என் பின்கதவு ரப்பருக்கு என்ன செய்வது? நாலு கதவு ஹெரால்டு அங்கே கிடையவே கிடையாது. அது நம் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது. கம்பெனியும் போய்விட்டது. தாய்க் கம்பெனி இருந்த கோவெண்ட்ரிக்குக் கடிதம் போடட்டுமா?

பாதுகாப்பு என்கிறார்கள். நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. பிரேக்கில் நான் கைவைத்தியம் செய்வதில்லை. ஆனால் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் நண்பரின் வண்டி டிரைலரில் வந்தது, டிரைலரில் போனது. ஓடாத வண்டியைவிடப் பாதுகாப்பானது எது?

ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டவன்தானே நீ என்று ஒருவர் கமெண்டில். ஆமாம், போட்டேன். பெட்ரோல் டேங்க் ஓட்டையில் பார் சோப்பும் அடைத்திருக்கிறேன். வீடு வந்து சேரும் வரைக்கும்தான். மறுநாளே ஒழுங்காகப் பற்றவைத்தேன். அதுவும் இதுவும் ஒன்றா? ஒருவர் மூன்று நாள் நின்று மைக்ரோமீட்டர் வைத்துக் கடைந்ததும், நடுரோட்டில் சோப்பு அடைப்பதும் ஒன்றா?

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனது இந்த வண்டியில்தான். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று அடம். வாசல்வரை ஒரு சத்தம் இல்லை. இதைச் சொல்ல நினைக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

லேத் அண்ணன் 2021-ல் போய்விட்டார். அவர் மகன் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர். நேற்று இரவு எனக்குப் போன் செய்து, "அண்ணே, அது அப்பா அடிச்ச எழுத்துதானே?" என்றார்.

நண்பரே, என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.