உதவியை எழுதி வைப்போம்

கிளிநொச்சியில் நாங்கள் சிலர் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, கரண்ட் பில்லையும் இணையத்தையும் பங்கு போட்டு, அவரவர் வேலையை அங்கிருந்து செய்கிறோம். இணையத்தளம் செய்பவர், கணக்கு எழுதுபவர், கொழும்புக் கம்பனிக்கு இங்கிருந்தே மென்பொருள் எழுதும் தம்பிமார் என்று பலதும் கலந்த கூட்டம். காசு இல்லாமல் எங்களுக்குள் நேரத்தையும் தெரிந்த வேலையையும் மாற்றிக்கொள்வதும் உண்டு. அதை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுவோம் என்று கேட்டபோது, "உதவிக்குமா கணக்கு?" என்று சிலருக்குக் கோபமே வந்துவிட்டது. உதவிக்குத்தான் கணக்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எழுதாத இடத்தில் யாருடைய நேரம் போகிறது என்று பாருங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த அக்கா ஒருவர் எங்களோடு இருக்கிறார். அவருடைய தொழில் கணக்கு எழுதுவது. "அக்கா, இந்தக் கடிதத்தில என்ன கிடக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ", "அக்கா, கொழும்புக்கு ஒரு கோல் எடுத்துக் கதைச்சு விடுங்கோ" என்று நாள் முழுக்க ஆள் மாறி ஆள் வருவார்கள். கோல் எடுத்தால் லைனில் காத்திருக்க வேண்டும். வேறு பகுதிக்கு மாற்றுவார்கள். அங்கே இருப்பவர் நாளைக்கு எடுக்கச் சொல்வார். நாளைக்கும் அக்காதான் எடுக்க வேண்டும். அதற்குள் பிள்ளையை டியூஷனால் ஏற்றப் போகும் நேரம் வந்துவிடும்; மிச்ச வேலையை இரவில் வீட்டில் இருந்து முடிப்பார். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பத்து நிமிட வேலை என்று நம்பித்தான் கேட்டார்கள்.

டிசைன் தெரிந்த தம்பிக்கும் இதே கதிதான். கோயில் திருவிழா நோட்டீஸ், சாமத்திய வீட்டு அழைப்பிதழ், யாருடையவோ கடைக்கு லோகோ. வயதில் மூத்தவர்கள் கேட்கும்போது முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

ஒருவழியாகக் கொப்பி வந்தது. அக்காவின் பெயருக்கு நேரே, "கோல், பதிவுக் கடிதம், 1 மணி 20 நிமிடம்" என்று ஒரு வரி, பக்கத்தில் கேட்டவரின் கையெழுத்து. அந்த வரியைப் பார்த்த பிறகு ஆட்கள் கோவை இலக்கத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் கையில் எடுத்துக்கொண்டுதான் அவரிடம் போகிறார்கள். அவரும் தன் மணித்தியாலங்களைக் கேட்டு வாங்குகிறார். மென்பொருள் எழுதும் தம்பி சனிக்கிழமைகளில் அவருடைய மகளுக்குச் சாதாரண தரக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறான்.

இது நாங்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஜப்பானின் ஒசாகாவில் மிசுஷிமா தெருகோ என்ற பெண் 1973இலேயே உழைப்பு வங்கி ஒன்றைத் தொடங்கி, பெண்கள் தங்களுக்குள் செய்த வேலையை மணிக்கணக்கில் வரவு வைத்தார். அமெரிக்காவில் எட்கர் கான் என்ற சட்டத்தரணி 1980களில் இதையே நேர டொலர் என்று பரப்பினார். யாருடைய ஒரு மணித்தியாலமும் ஒரு மணித்தியாலம்தான், வக்கீலுக்கும் சரி, தோட்டம் கொத்துபவருக்கும் சரி.

எங்களிடம் பெரிய வாக்குவாதம் வந்ததும் இந்த இடத்தில்தான். "எனக்கு மணிக்கு இவ்வளவு டொலர் தருகிறார்கள், நான் எப்படிச் சமம்?" என்றார் ஒருவர். அவருக்கு என் பதில் இதுதான்: வெளியில் அந்த விலையையே வாங்குங்கள், குறைக்கவே வேண்டாம். காசு வருகிற வேலை கொப்பிக்குள் வரக்கூடாது; அதற்கு ஆள் சேர்த்தால் காசில்தான் பங்கு கொடுக்க வேண்டும். ஆனால் எங்களுக்குள் விலை வைக்கத் தொடங்கினால், அக்காவின் கோல்தான் ஆக மலிவாகப் போகும். அந்தக் கோல் இல்லாவிட்டால் உங்கள் தொழில் பதிவே நடந்திருக்காதே!

முந்தி வயலில் ஆளுக்கு ஆள் மாறி இறங்கியபோது யார் எழுதினார்கள் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் யார் யாருடைய வயலில் நின்றார் என்று அன்றைக்கு ஊரே பார்த்தது. இங்கே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருக்கிறோம். பக்கத்துக் கதிரையில் இருப்பவர் யாருக்காகப் பாடுபடுகிறார் என்று நமக்குத் தெரியாது.

எனக்கு இருந்த ஒரே பயம் கடன் என்ற எண்ணம். நுண்கடன் கம்பனி ஆட்கள் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நின்றதைப் பார்த்த சனம் நாங்கள். 2018இல் அரசாங்கம் ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது பெண்களின் கழுத்தை நெரித்தது. அதனால் எங்கள் கொப்பியில் வட்டி கிடையாது, துரத்திக் கேட்பதும் கிடையாது. ஒருவர் பத்து மணித்தியாலத்துக்கு மேல் பின்னுக்கு நின்றால் புதிதாகக் கேட்க முடியாது, அவ்வளவுதான். வருத்தம், பிள்ளைப்பேறு, செத்தவீடு என்றால் அதையும் பார்ப்பதில்லை.

இன்னும் ஒன்று தீராமல் இருக்கிறது. காலையில் வந்து மண்டபம் திறப்பது, கூட்டுவது, தண்ணீர் நிரப்புவது எல்லாம் திறமையில் சேராது, எழுதத் தேவையில்லை என்கிறார்கள் சிலர். அதைச் செய்வது எப்போதும் அதே இரண்டு பேர். முதலில் எழுத வேண்டியதே அதுதான் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். வவுனியா, முல்லைத்தீவு, மன்னாரில் இப்படி இடம் வைத்திருப்பவர்கள் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அதையும் கொண்டுபோய் வைக்கிறேன்.