மாதாவைப் பற்றியே எத்தனை நாளைக்குச் சண்டை போடுவீர்கள்?

எங்கள் ஊரில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அவங்க மாதாவைக் கும்பிடுவாங்க, இவங்க கும்பிட மாட்டாங்க." அத்தோடு பேச்சு முடிந்துவிடும், இல்லாவிட்டால் சண்டை தொடங்கிவிடும். சமாதானம் பண்ண வருகிறவர் "எல்லாம் ஒரே சாமிதானே" என்பார். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. வித்தியாசம் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் நாம் அதைத் தேடுகிற இடம்தான் தப்பு. சாவு வீட்டில் போய்ப் பாருங்கள், தெரியும்.

எங்கள் குடும்பமே கலப்புதான். அம்மா வழியில் கத்தோலிக்கர், அப்பா வழியில் லுத்தரன். சின்னம்மா பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார். மலேசியாவில் நாங்கள் இருந்த தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், தொழிலாளர் லயங்கள் காலியாகின, எல்லோரும் டவுனை ஒட்டிய தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் நல்லது கெட்டது என்றால் மூன்று கூட்டமும் ஒரே பந்தலுக்குக் கீழேதான்.

பாட்டி இறந்தபோது உள்ளே ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. லுத்தரன் பெரியப்பா மட்டும் காப்பி கிளாஸோடு வெளியே வந்து நின்றுகொண்டார். முப்பதாம் நாள் பூசைக்குக் கூப்பிட்டபோது கேட்டேவிட்டார்: "செத்தவங்களுக்கு இனிமே எதுக்கும்மா ஜெபம்? தீர்ப்புதான் முடிஞ்சு போச்சே." அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பெரியப்பா வம்புக்குப் பேசவில்லை, அவர் சபை கற்றுத்தந்ததைச் சொன்னார். உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது மோட்சம் போகும் முன் ஆன்மா தூய்மையாகும் நிலை, என்ற ஒன்றை அவர்கள் ஏற்பதில்லை. அம்மாவுக்கோ, இறந்தவருக்காக வேண்டிக்கொள்ளாமல் இருப்பது பெற்ற தாயைப் பட்டினி போடுவது மாதிரி. அம்மா பக்கத்துக்கு வேதத்தில் ஆதாரம் இருக்கிறது, மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம். ஆனால் பெரியப்பா கையில் இருக்கும் 66 நூல் வேதாகமத்தில் அந்த நூலே கிடையாது. கத்தோலிக்க வேதாகமத்தில் 73. அப்புறம் எப்படி ஒத்துப்போவது? புராட்டஸ்டண்ட் பிரிவைத் தொடங்கி வைத்த மார்ட்டின் லூத்தர் 1517இல் கிளப்பிய பிரச்சினையே, செத்தவர்களின் ஆன்மாவுக்கு விடுதலை என்று சொல்லிப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதில்தானே தொடங்கியது.

சிலை விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். "பத்துக் கட்டளையில் சிலை வேண்டாம் என்பதைக் கத்தோலிக்கர் எடுத்துவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எடுக்கவில்லை, முதல் கட்டளையோடு சேர்த்து எண்ணுகிறார்கள். லுத்தரன்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்! பெரியப்பாவிடம் சொன்னேன், நம்பவில்லை. அதே பெரியப்பா ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் கத்தோலிக்கக் கோயிலில் நடக்கும், மாதாவின் தாயார் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிற பஸ்ஸில் முதல் ஆளாக ஏறுவார். கேட்டால், "சும்மா ஊர் சுத்திப் பாக்கத்தான்."

நற்கருணை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், இன்னும் நுணுக்கமானது. கல்யாணப் பூசையில் பாதிப் பேர் எழுந்து போய் அதை வாங்க, மீதிப் பேர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பது பார்க்கச் சங்கடம்தான். அப்பா வழிச் சொந்தங்கள் அதை அவமானமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கத்தோலிக்கருக்கு அந்த அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறிவிடுகிறது. அதை வாங்குவது "இந்தத் திருச்சபையோடு நான் முழுதும் ஒன்று" என்று சொல்வதற்குச் சமம். அதனால்தான் மற்றவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஆள் பார்த்து ஒதுக்குவது அல்ல. இன்னொரு புராட்டஸ்டண்ட் சபையான மெத்தடிஸ்ட் கோயிலில் எல்லோரையும் அழைப்பார்கள். லுத்தரன்களும் கிறிஸ்துவின் உடல் அதில் மெய்யாகவே இருப்பதாக நம்புகிறவர்கள்தான். சின்னம்மா சபையில் அது நினைவுகூருதல் மட்டுமே. ஆக, இந்த ஒரு விஷயத்தில் பெரியப்பா நிற்பது சின்னம்மாவை விட அம்மாவுக்குப் பக்கத்தில். சின்னம்மா தன் சபையில் மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது பாட்டி கேட்டதும் ஞாபகம் இருக்கிறது: "அப்போ சின்ன வயசுல உன் தலையில ஊத்தினது என்ன தண்ணியாம்?" அப்பாவின் லுத்தரன் ஞானஸ்நானத்தையோ கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் என்றே ஏற்கிறது. புராட்டஸ்டண்ட் என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது எவ்வளவு அபத்தம், பாருங்கள்.

மீட்பு விசுவாசத்தாலா, நற்செயலாலா என்ற பெரிய சண்டையைப் பற்றி, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். 2006இல் மெத்தடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை, அடிப்படையில் ஒத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பிரசங்கம் எதிலும் இதை நான் கேட்டதே இல்லை. ஆனால் அடுத்த சபையைக் குத்திக்காட்டும் பிரசங்கம் தவறாமல் வருகிறது.

கலப்புக் கல்யாணம் பேசுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்பளம், வீடு, கார் எல்லாம் விசாரிக்கிறீர்கள், சரி. கத்தோலிக்கப் பெண்ணோ பையனோ வேறு சபையில் கட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர் எதுவும் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் இந்த விஷயம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைப் பரிசம் போடுவதற்கு முன்னாலேயே இரண்டு வீட்டிலும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பிள்ளை பிறந்த பிறகு எந்தக் கோயில் தண்ணீர் என்று அடித்துக்கொண்டால் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.