அந்த 12 சதவீத ஃபண்டைப் பற்றி இன்னும் அதே கேள்விதான்

வருடத்துக்கு 12 சதவீதத்தை மாதாமாதம் பிரித்துத் தரும் ஒரு ஃபண்டிலிருந்து தனக்கு வந்த பணத்தை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருந்தார். நேற்று அதற்குக் கீழே நான் கேட்டது ஒன்றே ஒன்று: "வாங்கும்போது என்ஏவி எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு?" என்ஏவி என்றால் ஃபண்டின் ஒரு யூனிட்டுக்கு அன்றைய மதிப்பு. பதில் வரவில்லை. "வயிற்றெரிச்சல்" என்று பட்டம்தான் வந்தது. போகட்டும். ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் "போடலாமா?" என்று கேட்கிறார்களே, அவர்களுக்காக எழுதுகிறேன்.

மாதாமாதம் கணக்கில் விழுவது வேறு, நீங்கள் சம்பாதித்தது வேறு. யூனிட்டை 100-க்கு வாங்கினீர்கள். மாதம் 1 வீதம் வருடத்துக்கு 12 வந்தது. வருடக் கடைசியில் என்ஏவி 91. இரண்டையும் கூட்டினால் 103. சம்பாதித்தது 3 சதவீதம்தான். மிச்சம் 9 உங்கள் யூனிட்டிலிருந்தே கழன்று வந்த பணம்.

விளம்பரத்தில் போடும் சதவீதம் என்பது, கொடுத்த தொகையை இன்றைய விலையால் வகுத்தது. அதே 12-ஐக் கொடுத்துக்கொண்டே விலை 60-க்கு இறங்கினால் 20 சதவீதம் என்று காட்டும். ஃபண்ட் நலிய நலிய அந்த எண் பெரிதாகும். இதைச் சொன்னால் பொறாமையா?

பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கவர்டு கால் ஃபண்ட் என்றால் ஆப்ஷன் பிரீமியம்; அதாவது, கையில் உள்ள பங்கைக் குறிப்பிட்ட விலைக்கு வாங்கும் உரிமையை (கால்) இன்னொருவருக்கு விற்று வாங்கும் பணம். பங்கு 100-ல் இருக்கிறது, 105-க்குக் கால் விற்று 2 வாங்குகிறார்கள். பங்கு 120-க்குப் போனாலும் உங்களுக்கு 107தான். 70-க்கு விழுந்தால் கையில் 72. இறக்கம் அத்தனையும் உங்களுடையது. அடுத்த மாதம் 74-க்குக் கால் விற்றிருப்பார்கள். சந்தை வேகமாக மீண்டாலும் அந்த 74-க்கு மேல் உள்ள ஏற்றம் உங்களுக்கு இல்லை. என்ஏவி கரைவது இப்படித்தான்.

கடன்பத்திர ஃபண்ட் என்றால் பிபிபி மைனஸுக்குக் கீழே, அதாவது பணம் திரும்பி வராத ஆபத்து அதிகம் என்று தரமிடப்பட்ட பத்திரங்களை, எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவற்றை அவசரத்துக்கு நல்ல விலைக்கு விற்பது கடினம். 2015 டிசம்பரில் அமெரிக்காவின் தேர்டு அவென்யூ ஃபோகஸ்டு கிரெடிட் ஃபண்ட், பணம் எடுப்பதையே நிறுத்தியது. கடன் வாங்கி முதலீடு செய்யும் ஃபண்டாக இருந்தால் அந்த வட்டிச் செலவையும் பாருங்கள்.

"எனக்கு மாத வருமானம்தான் வேண்டும், விலை எதற்கு?" என்கிறார்கள். விதைநெல்லைக் குத்திச் சமைத்தாலும் அன்றைக்குப் பசி அடங்கும். என்ஏவி கரைந்தால் அடுத்த வருடம் அந்த மாத வருமானமும் சேர்ந்து சுருங்கும்.

"போட்ட பணத்திலிருந்தே திருப்பித் தருவதெல்லாம் மோசம் இல்லை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஒரு வருடம் கணக்கியல் காரணத்தால் அப்படி வரலாம். மூன்று வருடம் தொடர்ந்து வந்து, என்ஏவியும் கூடவே இறங்கினால் அது கணக்கியல் இல்லை.

பணி ஓய்வு பெற்றவர்களுக்கு மாதப் பணம் தேவைதான், மறுக்கவில்லை. சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு மாதம் ஒரு தொகை எடுத்தாலும் அது கிடைக்கும். எவ்வளவு எடுப்பது என்பதாவது உங்கள் கையில் இருக்கும். இதை நேற்றே எழுதினேன், யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஸ்கிரீன்ஷாட் போட்டவர் ஐந்து வருட மொத்த வருமானத்தைப் போடட்டும். வந்த பணத்தை அதே ஃபண்டில் திரும்பப் போட்டதாக வைத்து, ஃபண்ட் எடுக்கும் ஆண்டுச் செலவு போக, அதே பங்குகளின் இண்டெக்ஸுக்குப் பக்கத்தில் வைக்கட்டும். ஃபண்ட் முந்தினால் என் கமெண்டை நானே அழிக்கிறேன்.