சாரம் நனைந்தால் வயசைக் குறை சொல்லாதீங்க

நம்ம லயங்களில் அறுபதைத் தொட்ட ஆம்பிளை ஒருத்தருக்குச் சிறுநீர் ஒழுகிச் சாரம் நனைய ஆரம்பித்தால் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: "வயசு போச்சு, குளிரு வேற." ராத்திரிச் சாயத்தண்ணியை நிறுத்துவார்கள், பாயைக் காய வைப்பார்கள், அவ்வளவுதான். அவரும் வாய் திறப்பதில்லை. திருவிழா, கல்யாண வீடு, டவுனுக்கு பஸ் பயணம் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகும். காரணமும் வைத்தியமும் உள்ள ஒரு வருத்தத்தை வயசின் கணக்கில் எழுதிவிடுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதில்லை.

முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஒழுகும்போது சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறதா, இல்லை அடங்காமல் வருகிறதா?

நிரம்பி வழிவதுதான் ஆளை ஏமாற்றும். புரோஸ்டேட் சுரப்பி பையின் கழுத்தடியில் சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கிறது. வயது ஏற ஏறப் பெருத்துக் குழாயை நெருக்கும். வரவே நேரம் எடுக்கும், தாரை மெலியும், முக்க வேண்டிவரும், போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல் இருக்கும். 400, 500 மில்லிலீட்டர் கொள்ளும் பை மெல்ல விரிந்து ஒரு லீட்டர்கூடத் தேக்கிக்கொள்ளும். பீலித் தண்ணி பிடித்த பீப்பாய் விளிம்பில் வழிவதுபோல, முக்கியமாகத் தூக்கத்தில், துளித்துளியாக நனையும். வலி இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை. தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் உருண்டையாகத் தட்டுப்படலாம். அப்படியே விட்டால் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நெடுநாள் சீனி வருத்தத்தில் பையின் நரம்பு மரத்தாலும் இப்படித் தேங்கும்.

இப்படித் தேங்கி வழிகிறவர் தடிமனுக்குப் பிரிட்டன் (Piriton) குளிசை போட்டால் சிறுநீர் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் காம்பராக்காரருக்குக் கொடுத்த ஒக்ஸிபியூட்டினின் போன்ற குளிசையைக் கேட்டு வாங்கிப் போடுவதும் அதே ஆபத்துதான். அது பை சுருங்குவதைத் தணிக்கும் மருந்து. அவருக்குச் சரி, இவருக்கு விஷம்.

அடங்காமல் வருவது வேறு. முட்டியது தெரிந்த அடுத்த நிமிஷமே நனைந்துவிடும். கிருமித் தொற்று, கல், சீனி, பாரிசவாதம் எல்லாவற்றிலும் வரலாம். குளிரில் சிறுநீரும் கூடும். கக்கூஸோ லயத்துக்கு வெளியே. மூட்டு வலிக்காரர் கம்பளியை விலக்கி, தாழ்ப்பாளைத் தடவித் திறந்து, ஈரப் படியில் இறங்குவதற்குள் காரியம் முடிந்துவிடும். இதில் பையை மட்டும் குறை சொல்ல முடியாது. கட்டிலருகே வாய் அகன்ற மூடிப் போத்தல் ஒன்று வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இருமினால், மூட்டை தூக்கினால் ஒழுகுவது பெரும்பாலும் புரோஸ்டேட் ஒப்பரேஷனுக்குப் பிறகு. இதற்கு ஒரு பயிற்சி: வாயுவை அடக்குவதுபோல ஆசனவாயை உள்ளிழுத்து 5 விநாடி பிடித்து, 5 விநாடி விடுங்கள். வேளைக்கு 10 தடவை, நாளைக்கு 3 வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிறும் தொடையும் இறுகக் கூடாது. பலன் தெரிய 3 மாதம் ஆகலாம். போய்விட்டு வந்த பிறகு சொட்டும் ரெண்டு துளிக்குப் பயம் வேண்டாம். விதைப்பைக்குப் பின்னால் விரல் வைத்து முன்பக்கமாக வழித்துவிட்டால் போதும்.

தண்ணியை நிறுத்தாதீங்க. சிறுநீர் கடுத்தால் பை இன்னும் துடிக்கும். பகலில் ஒன்றரை லீட்டராவது குடித்துவிட்டு, தேத்தண்ணியைச் சாயங்காலத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். இருதய, சிறுநீரக வருத்தக்காரர்கள் மட்டும் டொக்டர் சொன்ன அளவில் நில்லுங்கள்.

கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் கேட்க, மருமகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க, எந்த மாமனார் உள்ளதைச் சொல்வார்? அதனால் 3 நாள் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள்: போன நேரம், அளவுப் போத்தலில் எத்தனை மில்லிலீட்டர், நனைந்த நேரம். சிறுநீர்ச் சோதனையும் சீனியும் பார்ப்பார்கள். போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஸ்கேனையும் கேளுங்கள். புரோஸ்டேட்டுக்கு டம்சுலோசின் 0.4 மில்லிகிராம் கொடுத்தால் படுக்கையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழும்புங்கள், தலை சுற்றும். புரோஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைட் வேலை செய்ய 6 மாதம் பிடிக்கும், இடையில் விடாதீங்க.

முட்டிக்கொண்டு ஒரு சொட்டும் வராவிட்டாலோ, இரத்தம் வந்தாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கால் பலமிழந்து தொடையிடுக்கு மரத்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.