200 ஆம்பியர் என்று அச்சிட்ட பெட்டி
வீட்டுப் பட்டறைக்கென்று வாங்கிய சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷினின் முகப்பில் 200 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. அந்த அளவில் வெல்டிங் செய்ய ஏறத்தாழ 28 வோல்ட் தேவை, அதாவது 5,600 வாட் வெளியே வர வேண்டும். ஆனால் 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் பிளக் தரக்கூடியது 3,680 வாட்தான். பிளக்கிலேயே இல்லாத மின்சாரத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்?

சென்ற வாரம் கேட்டின் கீல் விட்டுப்போனதைப் பற்றவைக்க உட்கார்ந்தேன். 2.5 மி.மீ. வெல்டிங் ராடுக்கு (உருகி இணைப்பை நிரப்பும் கம்பி) 60 முதல் 90 ஆம்பியர் போதும் என்பதால் அதுவரை மிஷின் நன்றாகவே உழைத்தது, அதை மறுக்க மாட்டேன். 3.15 மி.மீ. ராடுக்கு மாறியதும், மாலையில் வோல்டேஜ் இறங்கியிருந்த நிலையில், ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு ராடு எரிந்து முடிவதற்குள் சூடேறி மஞ்சள் விளக்கு எரிய, மிஷின் நின்றுவிட்டது. பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து பற்றவைக்கலாம் என்னும் டியூட்டி சைக்கிள் கணக்கைப் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் காணவில்லை.

உடன் தந்த கேபிளோ முழுச் செம்பல்ல, செம்பு பூசிய அலுமினியம். பற்றவைக்கும் இரும்பில் மாட்டும் எர்த் கிளாம்பு தகரத்தை மடித்துச் செய்தது; அது சரியாகக் கவ்வாததால், வேலைக்கு முன் அதுவே சுடுகிறது.

உண்மையான அளவை அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? 120 என்று எழுதியிருந்தாலும் நான் இதையேதான் வாங்கியிருப்பேன்.