ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கம் சீக்கிரம் விடிகிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவன் என் நண்பன்தான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். என் கல்யாணத்தில் சாப்பிடக்கூடப் போகாமல் மொய் நோட்டோடு உட்கார்ந்திருந்தவன். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இதுவரை அவன் மேல் கை வைக்காமல் இருக்கிறேன்.

கிருஷ்ணகிரியில் இருக்கும் எங்களுக்கு ஒரு பெரிய நடிகர் படம் வந்தால் முதல் நாள் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். 2023 பொங்கலுக்கு இரண்டு பெரிய படங்கள் ஒரே நாளில் வந்தன இல்லையா, அப்போது சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் லாரி மேல் ஏறி ஆடிய பையன் கீழே விழுந்து இறந்துபோனான். அதற்கப்புறம் இங்கே விடியற்காலைக் காட்சிக்கு அனுமதி கொடுப்பதில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் கிடையாது. ஓர் உயிர் போயிருக்கிறது, நாலு மணிக்குப் படம் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

ஆனால் அந்த உத்தரவு ஜூஜூவாடி செக்போஸ்ட்டோடு நின்றுவிடுகிறதே! ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கர்நாடகா. அந்தப் பக்கம் காலை ஆறு மணிக்கே படத்தைப் போட்டுவிடுகிறார்கள். இவன் வேலை பார்ப்பது ஓசூரில். பெரிய படம் வருகிற நாளெல்லாம் இவன் மாமியாருக்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும். சூப்பர்வைசர் பாவம், நம்பி லீவு கொடுத்துவிடுவார். அந்த அம்மா காவேரிப்பட்டணத்தில் கல்லு மாதிரி இருக்கிறார். போன மாதம் போனபோது எனக்கே ராகிக் களி கிண்டிப் போட்டார், ஒற்றைக் கையால்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஆறு மணிப் படத்துக்கு ஏழரைக்கு இடைவேளை. நானோ பல்கூட விளக்கியிருக்க மாட்டேன். சரியாக ஏழு முப்பத்திரண்டுக்கு வாட்ஸப்பில் அவன் குரல் வரும்.

"மச்சான், கதையைச் சொல்லமாட்டேன். ஆனா அந்த டாக்டர் மேல ஒரு கண்ணு வச்சுக்க."

இதற்குப் பெயர் கதையைச் சொல்லாமல் இருப்பதா? இனி அந்த டாக்டர் ஊசி போட வந்தாலும் எனக்குச் சந்தேகம், சும்மா காபி குடித்தாலும் சந்தேகம். கடைசியில் பார்த்தால் டாக்டர்தான் போலீஸ். முழுசாகச் சொல்லித் தொலைத்திருந்தால்கூட நிம்மதியாகப் பார்த்திருப்பேன். பாதியைச் சொல்லிவிட்டு மீதியைக் கண்டுபிடிக்கும் வேலையை என் தலையில் கட்டுகிறான்.

அன்று சாயங்காலம் ரவுண்டானா பக்கத்து டீக்கடையில் பிடித்துக்கொண்டேன். "ஏண்டா, உனக்கு வாயில பூட்டே கிடையாதா?" என்றேன். அவன் பஜ்ஜியைப் பிய்த்தபடி நிதானமாகக் கேட்டான்.

"உங்கப்பா வருஷா வருஷம் பாரதக் கூத்துக்குப் போறாரா இல்லையா?"

"போறாரு. அதுக்கென்ன?"

"பதினெட்டாம் நாள் படுகளத்துல துரியோதனன் தொடையைப் பீமன் ஒடைக்கப் போறான்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சும் விடிய விடியப் பாய் போட்டு உக்காந்து பாக்கறாரு. உனக்கு மட்டும் ஏன்டா இந்த அலட்டல்?"

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த இன்னொருவன் வேறு "அவன் சொல்றதும் கரெக்ட்தானே மச்சான்" என்று எடுத்துக்கொடுத்தான். (அவனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரு படம் எந்த நாட்டில் எத்தனை கோடி வசூல் என்று பைசா சுத்தமாகச் சொல்லுவான். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை படுத்துக் கிடந்தபோது, சொந்தத் தோப்பில் எத்தனை டன் இறங்கியது என்று கேட்டால், "அப்பாவைத்தான் கேக்கணும்" என்றான்.)

பதில் எனக்கு ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில்தான் வந்தது. கூத்தில் கதையை முன்கூட்டிச் சொல்வதற்கு என்றே ஓர் ஆள் உண்டு, கட்டியங்காரன். அவன் வேஷம் கட்டிக்கொண்டு வந்து, ஆடிப் பாடி, கிண்டல் அடித்து, யார் வரப்போகிறார் என்று சொல்லிவிட்டுப் போவான். அது அவன் தொழில், காசு வாங்குகிறான். உன்னை யாரடா கட்டியங்காரனாக வைத்தது? எந்த ஊர்த் திரௌபதியம்மன் கோயிலில் உனக்குப் பாக்கு வெற்றிலை கொடுத்து அழைத்தார்கள்? இதை அப்போதே எழுந்து குழுவில் போட்டேன். காலையில் பார்த்தால் சிரிக்கிற பொம்மை ஒன்று மட்டும் போட்டிருக்கிறான்.

சரி, அடுத்த தடவை உஷாராக இருப்போம் என்று, படம் வருவதற்கு முந்தைய நாள் ராத்திரியே குழுவிலிருந்து வெளியேறினேன். இணையத்தை அணைத்தேன். காலையில் யார் முகத்தையும் பார்க்காமல் பால் வாங்கப் போனேன். பால் ஊற்றுகிற அண்ணன், எழுபது வயதிருக்கும், கண்ணில் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவர், அரை லிட்டரை அளந்துகொண்டே கேட்கிறார்:

"ஏம்பா, கூடப்பொறந்த தம்பியே கழுத்தறுப்பானாமே, இதெல்லாம் ஒரு கதையா?"

அவன் அதை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான். பால்காரர் பேரன் பார்த்துவிட்டுத் தாத்தாவிடம் சொல்லியிருக்கிறான். கண் தெரியாத மனுஷனுக்கே கிளைமாக்ஸ் தெரிந்துவிட்டது, டிக்கெட் எடுத்த நான்தான் கடைசி ஆள்.

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் அன்று தியேட்டரில் நான் பட்ட பாடு இருக்கிறதே! முதல் காட்சியிலேயே அந்தத் தம்பி கோயிலிலிருந்து வந்து அண்ணன் நெற்றியில் திருநீறு பூசுகிறான். தியேட்டரே உருகுகிறது. பக்கத்து சீட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "நடிக்கிறான் பார், நடிக்கிறான் பார்" என்று முனகுகிறேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கூடப் பிறந்தவர்களோடு எனக்குச் சொத்துத் தகராறு என்றே நினைத்திருப்பார்.

வெளியே வந்ததும் போன் போட்டுக் கத்தினேன். "நீதான் குழுவுலயே இல்லையேடா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று உண்மையிலேயே ஆச்சரியமாகக் கேட்கிறான். அதற்கு மேல் ஒரு கேள்வி: "அது கெடக்கட்டும், படம் எப்படி?"

இனிமேல் நானும் லீவு போட்டு அவனோடு அத்திப்பள்ளிக்கே போய்விடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்கிறான். கூட வந்தால் திரும்புகிற வழியில் யாருக்குக் கதை சொல்வதாம்.

அடுத்த பெரிய படத்துக்குத் தேதி அறிவித்துவிட்டார்கள். அவன் மாமியாருக்கு நேற்றிலிருந்து லேசாக இருமலாம்.